முனிசாமி ஊதியதும் நான் ஊதாததும்

போன வாரம் சித்தூரில் உங்கள் நடுவர் வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். மாலை போட்டீர்கள், சால்வை போர்த்தினீர்கள், எல்லாம் சரி. கிளம்புகிற நேரத்தில் உங்களில் ஒரு தம்பி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாரே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "எங்கள் பள்ளி ஆடும் ஆட்டத்துக்கு எங்கள் ஆட்களில் ஒருவரையே நடுவராகப் போட வேண்டும்" என்று ஒரு தலைமை ஆசிரியர் எழுதிய கடிதம். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "போட்டுட்டா பிரச்சினை இல்ல சார், எதுக்கு வம்பு" என்றார்.

எதுக்கு வம்பா! அந்த இரண்டு வார்த்தைக்குத் தலையாட்டியவன் நான் ஐயா. தலையாட்டியது மட்டுமா, அதற்காகப் பொய்க் கையெழுத்தும் போட்டவன். அதனால்தான் அன்றைக்கு வாயைத் திறக்காமல் பஸ் ஏறிவிட்டேன். திறந்திருந்தால் கத்தியிருப்பேன். ஒரு வாரம் ஆறவிட்டும் சூடு குறையவில்லை, அந்தச் சூட்டோடேயே எழுதுகிறேன். ஆட்ட விதிகள் புத்தகத்தில் இருக்கின்றன, அதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம்.

நீங்கள் கபடி என்கிறீர்கள். எங்களுக்கு அது சடுகுடு. அப்போது நான் சித்தூரில் ஒரு மிஷன் ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டர். ஜில்லாப் பள்ளிக்கூடங்களின் போட்டிக்கு நடுவர்களை அமர்த்துகிற செயலாளர் வேலையும் என்னிடம்தான் இருந்தது. எந்த ஆட்டத்துக்கு யாரை நிறுத்துவது, யாரை யாரோடு ஜோடி சேர்ப்பது, எவன் முன்கோபி, எவன் கூட்டத்தைக் கண்டால் கைகால் நடுங்குகிறவன் எல்லாம் என் தலையில். ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. எல்லைக் கோடு எங்கே விழும் என்று முடிவாகவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் எந்த ஊருக்குப் போனாலும், இங்கே தமிழ் வீடு எத்தனை, தெலுங்கு வீடு எத்தனை என்று யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்கள். மாமியார் தெலுங்கு, மருமகள் தமிழ் என்றால் அந்த வீட்டை எதில் சேர்ப்பீர்கள் என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

அந்தக் காய்ச்சல் மைதானத்துக்கும் வந்தது. போட்டிக் கமிட்டியின் தலைவர் ஒரு ரைஸ் மில் முதலாளி, தெலுங்குக்காரர். உபதலைவர் ஒரு வக்கீல், தமிழர். கூட்டம் போட்டால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிழிப்பார்கள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கையைக் கோர்த்துக்கொண்டார்கள். சடுகுடுவில் பாடிக்கொண்டு போகிற பையன் ஒரே மூச்சில் பாடிவிட்டுத் திரும்ப வேண்டும். எதிரிகளின் பக்கத்தில் மூச்சு அறுந்தால் அவன் அவுட். அதைக் காதால் கேட்டுச் சொல்வதுதான் நடுவரின் பெரிய வேலை. கமிட்டி புதிதாக ஒரு சட்டம் போட்டது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பையன் மூச்சைத் தமிழ் நடுவர் கேட்க வேண்டும். தெலுங்குப் பள்ளிக்கூடத்துப் பையன் மூச்சைத் தெலுங்கு நடுவர் கேட்க வேண்டும். மற்றவர் வாயே திறக்கக் கூடாது.

எனக்கு வந்ததே கோபம். "அவன் இன்னா பாடறான்னு கேக்கறதுக்கா சார் நாங்க நிக்கிறோம்? மூச்சு அறுந்துச்சா இல்லியான்னு கேக்கத்தான நிக்கிறோம். மூச்சுக்கு ஏது சார் பாஷை?" என்றேன்.

வக்கீல் சிரித்தார். "வாஸ்தவம்தான் மாஸ்டர். ஆனா இந்த நேரத்துல எதுக்கு வம்பு?"

மில் முதலாளியும் "அவுனு மேஸ்டரு காரு" என்று ஆமாம் போட்டு, மீதியைத் தெலுங்கில் சொன்னார். அங்கேயும் அதே இந்த நேரம், அதே வம்பு. எனக்கு ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். என் முதல் தப்பு அந்தச் சோடா.

இந்த நேரத்துல, இந்த நேரத்துல! நான் வேலை பார்த்த முப்பத்துச் சொச்ச வருஷத்தில் அந்த வார்த்தை வராத ஒரு வருஷத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். எல்லைச் சண்டை ஓய்ந்த பிறகு தேர்தல் வந்தது, தேர்தல் போன பிறகு வேறு ஏதோ வந்தது. நியாயம் சொல்வதற்கு நல்ல நேரம் என்று ஒன்றை எந்தக் கமிட்டியும் எனக்குக் குறித்துக் கொடுத்ததில்லை.

இறுதி ஆட்டம் திருப்பதியில் நடந்தது. ஒரு பக்கம் திருப்பதியில் ஒரு தெலுங்குப் பள்ளிக்கூடம், இன்னொரு பக்கம் சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். இரண்டு நடுவர்கள். தமிழுக்கு முனிசாமி, தெலுங்குக்கு ரங்கய்யா. முனிசாமி அந்தச் சத்தியவேட்டுப் பக்கத்துக்காரனே. உழுகிற குடும்பம், சொந்த ஊர்ப் பள்ளியிலேயே சின்ன வகுப்புகளுக்கு டிரில் மாஸ்டர். ரங்கய்யா காளஹஸ்திக்காரர், அவனைவிடப் பத்து வயசு மூத்தவர். என்னிடம் இருந்ததிலேயே நல்ல ஜோடி. முனிசாமியிடம் ஒரு வழக்கம் உண்டு. பையன் பாட ஆரம்பித்ததும் இவனும் தன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். பையன் திரும்பி வந்த பிறகுதான் விடுவான். கழுத்து நரம்பெல்லாம் புடைக்கும். "நீ ஒருநாளு கிரவுண்டுலயே செத்துப் பூடுவ பாரு" என்று ரங்கய்யா கேலி செய்வார்.

கடைசி நிமிஷத்தில் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு புள்ளி வந்தால் வெற்றி. ஏழுமலை என்கிற பையன் பாடிக்கொண்டு போனான். நல்ல பலசாலி. ஒருவனைத் தொட்டான், அதற்குள் மூன்று பேர் அவன் மேல் விழுந்தார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டில் கையை வைத்தான். சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த கூட்டம் ஆகாயத்துக்கு எழும்பியது. அந்தக் கூச்சலுக்குள்ளே முனிசாமியின் விசில்.

"அவுட். கோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே மூச்சு பூடுச்சு."

பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. செருப்பு வந்தது, மண்ணாங்கட்டி வந்தது. படித்தவர், வேட்டி மடிப்புக் கலையாதவர், ஒருவர் முன்வரிசையில் எழுந்து நின்று கத்தினார். "டேய், நீ தமிழன்தான? உன்ன எதுக்குடா அங்க நிக்க வெச்சோம்?"

கேட்டீர்களா? எதுக்கு நிக்க வெச்சோம்! கமிட்டி அறையில் அந்தச் சட்டத்தை எவ்வளவு அழகாகச் சொன்னார்கள்! மூச்சுக்கு மூச்சு, பாஷைக்குப் பாஷை, இரண்டு பக்கத்துக்கும் சமநீதி. ஒரே நிமிஷத்தில் துணி அவிழ்ந்துவிட்டது. நம்ம ஆள் என்று ஒருவனை நிறுத்தினால், கேட்பதற்கு நிறுத்துவதில்லை. கேட்காமல் இருப்பதற்கு நிறுத்துகிறார்கள்.

முனிசாமி ஊதியது தப்பு என்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தாரிடமிருந்து உடனே ஒரு மனு வந்தது. கமிட்டி தலைமை ஆசிரியர் அறையில் கூடியது. வெளியே கூட்டம் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. ரங்கய்யா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "எனக்கும் கேட்டுது சார். நல்லாவே கேட்டுது. மூச்சு கட் ஆயி, அப்பறம்தான் கை கோட்டுக்கு வந்துது" என்றார்.

வக்கீல் கையை உயர்த்தினார். "நீங்க பேசக் கூடாது. அது உங்க பையன் மூச்சு இல்ல."

"மூச்சுல உங்க மூச்சு, எங்க மூச்சு உண்டா சார்?" என்றார் ரங்கய்யா. அதற்கு மில் முதலாளியே அவரைத் தெலுங்கில் அதட்டி வெளியே அனுப்பினார். பாருங்கள் கொடுமையை! அந்த மைதானத்தில் சத்தியத்தைக் கேட்ட காது இரண்டு ஜோடி. ஒரு ஜோடியைச் சட்டம் போட்டு அடைத்தாயிற்று. இன்னொரு ஜோடிக்குச் சாட்சி இல்லை என்று சொல்லியாயிற்று.

மறு ஆட்டம் வைத்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று முடிவு செய்தார்கள். அதற்கு ஒரு காரணம் வேண்டுமே? கூச்சலில் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று முனிசாமி எழுதிக் கொடுத்தால் போதும். எழுதினது யார் தெரியுமா? நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம் தாளைக் கொடுத்தார்கள். அவன் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். புருவத்தில் மண்ணாங்கட்டி பட்டு வீங்கியிருந்தது.

"ஒரு கையெழுத்துதான் முனிசாமி. சும்மா பேருக்கு."

படித்துப் பார்த்தான். "கேக்கலன்னு எழுதிக்கீறீங்களே அண்ணா. எனக்குக் கேட்டுச்சே."

"தெரியும்ப்பா. எனக்கு மட்டும் தெரியாதா? இந்த நேரத்துல எதுக்கு..."

"கேக்கலன்னு நானே எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு எந்தப் பையன் மூச்ச நான் கேக்கறது?" என்றான். குரலை உயர்த்தவில்லை. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி அந்தத் தாளின் மேல் வைத்தான். "இத நீங்களே வெச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

அவன் போடாத கையெழுத்தை நான் போட்டேன். "நடுவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நடுவர்களின் செயலாளர் என்ற முறையில் தெரிவித்துக்கொள்கிறேன்." என்ன முறை! எந்த ஊர் முறை! அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மிஷன் கோயிலில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னேன். வாய் சொன்னது. தாளில் இருந்த கையெழுத்து அப்படியேதான் இருந்தது.

பத்து நாள் கழித்து ரங்கய்யா என் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. என் கடிதத்தைக் கமிட்டி எல்லாப் பள்ளிக்கும் நகல் அனுப்பியிருக்கிறது. முனிசாமியின் ஊர் டீக்கடையில் யாரோ அதை உரக்கப் படித்திருக்கிறார்கள். பாதிப் பேர் அவன் விலைபோய்விட்டான் என்கிறார்கள், பாதிப் பேர் செவிடன் என்கிறார்கள். டிரில் வகுப்பில் வரிசையாக நில்லுங்கடா என்று சொன்னால், பொடிப் பசங்கள் காதில் கையை வைத்துக்கொண்டு "இன்னா சார்? கேக்கல சார்" என்கிறார்களாம். அவன் வகுப்புக்கே போகாமல் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். இப்படியே இன்னும் ஒரு மாதம் போனால் பள்ளிக்கூட மேனேஜர் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

"அதெல்லாம் மறு ஆட்டம் முடிஞ்சா அடங்கிடும் ரங்கய்யா" என்றேன்.

"அந்த ஆட்டத்துல நா நிக்க மாட்டேன். அவன் காது பொய்யின்னா, அவன் பக்கத்துல நின்ன என் காதும் பொய்யிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விஷயம் கேள்விப்பட்டு மற்ற நடுவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவனுக்கு வயிற்று வலி, ஒருவனுக்கு மச்சான் கல்யாணம். கடைசியில் கமிட்டி என்னையே தனியாக நிற்கச் சொன்னது. "நீங்க எல்லாருக்கும் வேண்டியவரு மாஸ்டர்" என்றார் வக்கீல். புகழ்ச்சி என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஒரு நடுவரைப் பார்த்து இதைவிட மோசமாக வைய முடியாது.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மறு ஆட்டத்தைப் புத்தூரில் வைத்தார்கள். போலீஸ்காரர்கள் கூட வந்திருந்தார்கள். என் கழுத்தில் தொங்கியது முனிசாமியின் விசில். வேறு விசில் கிடைக்காமல் இல்லை, ஏனோ அதைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டம் அன்றைக்கு மாதிரியே சரிக்குச் சரியாகப் போனது. கடைசியில் மறுபடியும் ஏழுமலை. மறுபடியும் ஒருவனைத் தொட்டான், மறுபடியும் மூன்று பேர் விழுந்தார்கள். நான் நாலடி தூரத்தில் குனிந்து நிற்கிறேன். நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது அவன் பாட்டு நின்றது. விக்கல் மாதிரி ஒரு சத்தம், பிறகு காற்றை உள்ளே இழுத்தான், பிறகு பாட்டு தொடர்ந்தது. தெளிவாகக் கேட்டது. விசில் என் உதட்டில் இருந்தது.

நான் ஊதவில்லை.

காரணம் கேட்காதீர்கள். முன்வரிசையில் அதே வேட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லலாம். போலீஸ், கூட்டம், எல்லை என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பயம், அவ்வளவுதான். ஏழுமலையின் கை கோட்டில் விழுந்தது. கூட்டம் துண்டை வீசி ஆடியது. பையன் மூன்று பேரையும் உதறிவிட்டு எழுந்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு யார் சொல்லையும் கேட்காமல், அவுட்டானவர்கள் உட்காருகிற இடத்துக்கு நேராக நடந்துபோய் உட்கார்ந்துவிட்டான்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அவனிடம் ஓடினேன். "எய்ந்து வாடா, பாயிண்ட் உங்களுக்குத்தான்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன், இந்த வாயால்தான்.

அவன் கண்ணெல்லாம் தண்ணி. அழுகையில்லை, ஆத்திரம். "அன்னிக்கும் இங்கதான் சார் அறுந்துச்சு. முனிசாமி சார் ஊதினாரு. எங்க ஊர்ல அவரச் செவிடுன்றாங்க, நானும் சொல்லாம இருந்துட்டேன். இன்னிக்கும் அதே எடத்துல அறுந்துச்சு. உங்களுக்குக் கேட்டுச்சு, உங்க மூஞ்சியப் பாத்தேனே. நீங்க ஏன் சார் ஊதல?"

பதினைந்து வயசுப் பையன். பக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. வேட்டிக்காரருக்கும் கேட்டது. நான் அப்போதுதான் ஊதினேன். அவுட் என்று கையைக் காட்டினேன். ஒரு மண்ணாங்கட்டிகூட வரவில்லை. ஆடுகிற பிள்ளையே அவுட் என்று உட்கார்ந்த பிறகு யாரை அடிப்பது?

கோப்பை திருப்பதிக்குப் போயிற்று. அன்றைக்கே இரண்டாவது கடிதம் எழுதினேன். முனிசாமிக்கு நன்றாகக் கேட்டது, கேட்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தது பொய், புத்தூரில் எனக்குக் கேட்டும் நான் ஊதவில்லை என்று மூன்று வரி. கமிட்டி அதை எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. என் செயலாளர் வேலையைத்தான் பிடுங்கினார்கள். திரும்பக் கிடைக்க ஏழெட்டு வருஷம் ஆயிற்று, அது வேறு கதை.

கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு சத்தியவேட்டு பஸ் ஏறி முனிசாமியின் ஊருக்குப் போனேன். மேனேஜர் கண்டித்து ஆள் அனுப்பியதால் அன்று அவன் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தான். மைதானத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். பிள்ளைகள் அவன் பாட்டுக்கு அவனை விட்டுவிட்டு மண்ணில் புரண்டுகொண்டிருந்தார்கள். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"எனக்கு எதுக்கு அண்ணா இது? எனக்குக் கேட்டதுன்னு எனக்குத் தெரியாதா? மொதல் லெட்டர எங்க படிச்சாங்களோ அங்க போயி படிங்க."

டீக்கடை மைதானத்துக்கு எதிரேயே இருந்தது. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் இன்னார் என்று சொல்லிக்கொண்டு படித்தேன். வரிக்கு வரி குரல் இறங்கியது, கடைசி வரி எனக்கே கேட்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"சத்தமா படி சார். அன்னிக்கு சத்தமாத்தான் படிச்சாங்க."

இரண்டாவது தடவை படித்தேன். அதற்குள் தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் வந்து நின்றார்கள். அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்து வேண்டுமாம். மூன்றாவது தடவையும் படித்தேன். மைதானத்துப் பிள்ளைகள் வேலிப் பக்கம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முனிசாமி வரவில்லை.

திரும்பிப் போய் என் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து நீட்டினேன். வாங்கி வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒரு தடவை ஊதினான். பிள்ளைகள் வேலியை விட்டு ஓடிவந்து வரிசையாக நின்றார்கள். கேக்கலன்னு ஒருத்தனும் சொல்லவில்லை.

தம்பி, அந்தத் தலைமை ஆசிரியர் கடிதத்துக்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும். எதுக்கு வம்பு என்று சரி சொல்லி எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் பிற்பாடு அதை மாற்றி எழுதி, ஒரு டீக்கடையில் நின்று உரக்கப் படிக்கவும் தயாராக இருங்கள். எனக்கு மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது.